பட்டாளத்தார் வீட்டுத் தகரப்பெட்டி: அயல் விமானப்படையில் பறந்த கொங்கு வீரருக்கு நினைவுச் சிறப்புச் செய்வது எப்படி?

கொங்கு நாட்டில் ‘பட்டாளத்தார் தோட்டம்’, ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று வழங்கும் இடங்கள் பல ஊர்களில் உண்டு. அந்தப் பட்டாளத்தார் எந்தப் படையில், எங்கே, என்ன வேலை பார்த்தார் என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டால், ‘வெள்ளைக்காரன் காலத்தில் பிளேனில் இருந்தாராம்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். பிரிட்டிஷ் விமானப்படையிலோ, அதன் தன்னார்வ ரிசர்விலோ, பிழைக்கப் போன இடத்தில் மலாயாத் தன்னார்வ விமானப்படையிலோ சேர்ந்து, ஊர் திரும்பாமல் போனவர்கள் இருப்பார்கள். திரும்பி வந்தும் யாரும் கேட்காததால் வாய் திறக்காமலே காலமானவர்களும் இருப்பார்கள். அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ இருந்தால், அவருக்கு முறைப்படி ஒரு நினைவுச் சிறப்புச் செய்ய இந்த வழிகாட்டி உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல் வைப்பது கடைசி வேலை. நம்மவர்கள் கிரானைட் பலகைக்கு முன்பணம் கொடுத்த பிறகுதான் விவரம் தேடத் தொடங்குகிறார்கள். விழா நாள் நெருங்க நெருங்க விவரம் ஊதிப் பெருகுகிறது. விமானத்துக்குப் பெட்ரோல் நிரப்பியவர் விமானியாகிறார். விமானி பத்து விமானங்களைச் சுட்டு வீழ்த்தியவராகிறார். அந்தப் பெட்ரோல்காரர் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு நடுவே வேலை பார்த்திருக்கக்கூடும். அதை எழுதினாலே போதும்.

பிற இடங்களில் நடந்தது

செக்கோஸ்லோவாகியாவை ஹிட்லர் விழுங்கியபின் தப்பிச் சென்ற விமானிகள் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார்கள். பிரிட்டன் வானில் ஜெர்மானியரோடு நடந்த 1940-இன் ‘பிரிட்டன் போரில்’ மட்டும் 88 பேர் பறந்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியவர்களை 1948-இல் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்ட் அரசு சந்தேகத்தோடு பார்த்தது. பலர் வேலை இழந்தார்கள், சிலர் சிறை சென்றார்கள். 1989-க்குப் பிறகுதான் அவர்களுக்கு மரியாதை திரும்பியது, பலருக்கு இறந்தபின்பே. 2014-இல் பிராகில் அவர்களுக்காகச் சிறகுள்ள சிங்கச் சிலை ஒன்றை நிறுவினார்கள். பணம் திரட்டியவர்கள் அந்நகரில் வாழும் பிரிட்டிஷ்காரர்கள்.

நம் நாட்டிலிருந்தும் போனவர்கள் உண்டு. முதல் உலகப் போரில் பத்து வான்சண்டை வெற்றிகள் பெற்ற இந்திர லால் ராய் 1918 ஜூலை 22-இல் பிரான்ஸ் வானில் இறந்தபோது அவருக்கு வயது 19. டி.எஃப்.சி. என்ற விமானப்படை வீரப்பதக்கம் இறந்தபின் வந்தது. இந்தியா அஞ்சல்தலை வெளியிட 1998 ஆயிற்று. 1940-இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட 24 விமானிகளுள் ஒருவர் மகிந்தர் சிங் பூஜி. அவருக்கு இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டில் சிலை எழுந்தது 2014-இல், அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் கழித்து. பெயரும் பதக்கமும் உள்ளவர்களுக்கே இவ்வளவு தாமதம் என்றால், காங்கேயத்துக்கோ பெருந்துறைக்கோ பக்கத்திலிருந்து போன ஒரு வயர்லெஸ் ஆபரேட்டரை யார் தேடப் போகிறார்கள்? நீங்கள்தான்.

பெட்டியைத் திறப்பது

ஆவணக்காப்பகத்துக்கு எழுதும் முன் தோட்டத்துச் சாளையின் பரணில் கிடக்கும் தகரப்பெட்டியைத் திறங்கள். போரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள்; கல்யாணம் ஆகாதவர்கள் பலர். ஆகவே காகிதங்கள் நேர் வாரிசிடம் இருக்கவேண்டும் என்பதில்லை. உங்கள் அப்பாருவின் (அப்பாவின் அப்பா) தம்பியாக இருந்தால் பங்காளி வீடுகளில் கேளுங்கள். அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வழியினராக இருந்தால் மாமன் வீட்டில் கேளுங்கள். உடன்பிறந்த தங்கைகளின் பேரப்பிள்ளைகளை மறக்காதீர்கள். அண்ணனின் கடிதத்தைத் தங்கைகள்தான் பத்திரப்படுத்துவார்கள்.

பெட்டியில் தேட வேண்டியவற்றுள் தலையானது சர்வீஸ் நம்பர். பெயர் மாறும், ஊர் மாறும், எண் எளிதில் மாறாது. கடித உறை, மணியார்டர் துண்டு, விடுவிப்புச் சான்று, பதக்கம் என எதில் இருந்தாலும் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் நட்சத்திரப் பதக்கங்கள் பெரும்பாலும் பெயர் பொறிக்காமல் தரப்பட்டவை. இந்தியாவில் வழங்கப்பட்டவற்றில் எண்ணும் பெயரும் பொறிப்பது வழக்கம். எனவே வட்டப் பதக்கமானால் விளிம்பையும் நட்சத்திரமானால் பின்புறத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். பொறிப்பு தேய்ந்தால் ஆதாரமும் தேயும்.

பழைய படம் கிடைத்தால் சட்டையின் இடது மார்பைப் பாருங்கள். இரண்டு சிறகுள்ள சின்னம் இருந்தால் விமானி. ஒற்றைச் சிறகு இருந்தால் விமானக் குழுவில் வேறொருவர். சிறகோடு சேர்ந்த வட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில எழுத்து, விமானத்துக்கு வழி கணிப்பவரா, துப்பாக்கி வீரரா என்பதைச் சொல்லும். சிறகே இல்லையென்றால் தரைப் பணியாளர் என்று கொள்ளலாம். படத்தை வெட்டவோ லேமினேட் செய்யவோ வேண்டாம். நல்ல ஸ்கேன் போதும்.

பறப்புக் குறிப்பேடு கிடைத்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். தேதி, விமான வகை, விமான எண், பணி, நேரம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். இரவுப் பறப்புகளைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். விமானக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்ற பெயர்களும் கிடைக்கலாம். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு வேறு நாட்டுக் குடும்பங்களை எட்டிவிட முடியும். உங்கள் வீட்டில் இல்லாத படம் அவர்கள் வீட்டில் இருக்கலாம்.

பெரியவர்களிடம் பேசும்போது ‘போரில் என்ன செய்தார்?’ என்று கேட்டால் கதைதான் வரும். ‘எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார், மணியார்டர் யார் பெயருக்கு வந்தது, தந்தி வந்த அன்று வீட்டில் யார் இருந்தார்கள், வயலில் என்ன வெள்ளாமை நின்றது’ என்று கேளுங்கள். போத்தனூரா ஈரோடா என்பதில் தொடங்கும் நினைவு தானாக நீளும். பணம் யாருக்குப் போனதோ அவர் பெயரே படை ஆவணத்தில் நெருங்கிய உறவினராகப் பதிவாகியிருக்கும் வாய்ப்பு அதிகம். இளம் மனைவி மறுபடி மணம் செய்துகொண்டதுண்டு. சொத்துத் தகராறு நடந்ததுண்டு. அந்த மௌனத்தைக் கிளறி வெளிச்சம் போடுவது உங்கள் வேலை அல்ல.

எந்தப் படை என்று தெளிவது

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். ‘விமானப்படை’ என்று ஒரே சொல்லில் ஊர் சொன்னது பல படைகளாக இருக்கலாம். 1932 அக்டோபர் 8-இல் தோன்றிய இந்திய விமானப்படைக்கு 1945-இல் ‘ராயல்’ என்ற அடைமொழி வந்து, 1950-இல் போனது. அதன் தன்னார்வ ரிசர்வ் விமானிகள் போரின் தொடக்கத்தில் சென்னை உள்ளிட்ட துறைமுகங்களில் கடலோரக் காவல் பறப்புகளை மேற்கொண்டார்கள். பிரிட்டிஷ் விமானப்படையும் அதன் தன்னார்வ ரிசர்வும் தனி. மலாயாவில் இருந்தவர்களுக்கு மலாயாத் தன்னார்வ விமானப்படை இருந்தது. ஒவ்வொன்றின் ஆவணமும் வெவ்வேறு இடத்தில்.

எதிர்த்தரப்பையும் விட்டுவிடாதீர்கள். சுபாஷ் சந்திர போஸ் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து நாற்பத்துச் சொச்சம் இந்திய இளைஞர்களைத் தேர்ந்து ஜப்பானுக்கு அனுப்பினார். அவர்களில் ஒரு பகுதியினர் அங்கே விமானப் பயிற்சிக்குச் சென்றார்கள். ‘டோக்கியோ கேடட்’ என்ற சொல் உங்கள் பெட்டிக் காகிதத்தில் இருந்தால், பிரிட்டிஷ் ஆவணங்களில் தேடி நாளை வீணாக்காமல் சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியக் கோப்புகளில் தேடுங்கள்.

கோவைக்காரர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. காகிதத்தில் ‘எச்.எம்.எஸ். கருடா’ அல்லது ‘எச்.எம்.எஸ். வைரி’ என்று கண்டால் கப்பல் என்று நினைத்துவிடுவோம். கடலே பார்க்காத கப்பல்கள் அவை. பிரிட்டிஷ் கடற்படை தன் நிலத் தளங்களுக்கும் கப்பல் பெயர் வைக்கும். கருடா என்பது கோவையில் இருந்த கடற்படை விமானப் பழுதுபார்ப்பு நிலையம். வைரி என்பது சூலூர் விமானத் தளம். ‘தாத்தா கருடாக் கப்பலில் உலகம் சுற்றினார்’ என்று பலகையில் பொறித்துவிட்டால், விவரம் தெரிந்தவர் ஒருவர் சிரித்துவிட்டுப் போவார்.

இன்னொரு பொறி பதவிப்பெயர். பைலட் ஆபீசர் என்பது அதிகாரி வரிசையில் கீழ்ப்படி. கணக்குப் பார்த்த அதிகாரியும் பைலட் ஆபீசராக இருப்பார். பதவியை மட்டும் வைத்து விமானி என்று முடிவு செய்யாதீர்கள்.

‘பிரிட்டன் போரில் பறந்தார்’ என்று குடும்பம் சொன்னால் தேதியைப் பாருங்கள். அந்தப் போர் 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை. மேலே சொன்ன 24 பேர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததே அது முடியும் தறுவாயில். பயிற்சி முடித்துப் போர்ப் பறப்புக்குச் சென்றது அதன் பிறகே. அதனால் அவர்கள் பெருமை குறைந்துவிடவில்லை.

பெயரும் ஊரும்

இறந்தவரானால் முதலில் பார்க்க வேண்டியது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். 1917-இல் தொடங்கிய இந்த அமைப்பு இரு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரைப் பதிந்து வைத்திருக்கிறது. பெயரால் தேடிக் கிடைக்காவிட்டால் ‘கூடுதல் தகவல்’ என்ற கட்டத்தில் ஊர்ப்பெயரை இட்டுத் தேடுங்கள். ‘இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் மகன்’ என்ற குறிப்பு அங்கேதான் இருக்கும்.

ஊர்ப்பெயரில் அன்றைய நிலவரைபடம் மனத்தில் இருக்கவேண்டும். போர்க்காலத்தில் ஈரோடு, திருப்பூர், தாராபுரம், கோபி எல்லாம் கோயம்புத்தூர் மாவட்டம். நாமக்கல்லும் தருமபுரியும் சேலம் மாவட்டம். கரூர் 1910 முதல் திருச்சியோடு இருந்தது. 1956-இல் மைசூருக்குப் போன கொள்ளேகால் அன்று கோவையைச் சேர்ந்தது. வலசு, பாளையம், புதூர் எதுவும் பதிவில் இராது. தாலுகா அல்லது தபால் நிலைய ஊரே இருக்கும்.

ஆளின் பெயருக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் முடியுமோ அத்தனையும் முயலுங்கள். ராமசாமியைக் குறைந்தது நான்கு விதமாக எழுதுவார்கள். தந்தை பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். அல்லது கவுண்டர், நாயுடு, செட்டியார் என்ற பட்டமே பெயராகி, இயற்பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கும். அதனால்தான் சர்வீஸ் நம்பர் மேல் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

ஆவணம் கேட்டு எழுதுவது

பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவரானால் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தின் ‘ஏர் 27’ வரிசை உங்களுக்குப் பொன் சுரங்கம். ஸ்குவாட்ரன்கள் எனப்படும் விமானப் பிரிவுகளின் அன்றாடச் செயற்பாட்டுப் பதிவேடுகள் அவை. யார் எந்த விமானத்தில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினார், அல்லது இறங்கவில்லை என்று தட்டச்சில் இருக்கும். உயிரிழப்புக் கோப்புகளுக்கு ‘ஏர் 81’ வரிசை. அதிகாரியாக இருந்தவரின் நியமனமும் விருதும் லண்டன் கெஜட் என்ற பிரிட்டிஷ் அரசிதழில் வந்திருக்கும்; அது இணையத்தில் இலவசம். தனிநபர் பணிக்கோப்பு வேண்டுமானால் பிரிட்டிஷ் அரசு இணையத்தளத்தில் விண்ணப்பம் உண்டு. இறந்ததற்குச் சான்றும் உறவுமுறைக்கு விளக்கமும் இணையுங்கள்.

இந்திய விமானப்படையானால் டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ‘எல்லா விவரமும் தருக’ என்று கேட்காமல், எண்ணைக் குறிப்பிட்டு, சேர்ந்த தேதி, விடுவிக்கப்பட்ட தேதி, பணிப்பிரிவு என மூன்றே கேள்வி கேளுங்கள். அதிகாரியானால் இந்தியப் படை வரலாற்றுக்கான பாரத் ரக்ஷக் இணையத்தளத்தின் பட்டியலையும் பாருங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகமும், உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் பலரும் மறந்துவிடும் இடங்கள். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்களுடைய மனைவிமாருக்கும் அரசு மாத உதவி வழங்கியதால், அங்கே பழைய மனுக்கள் இருக்கும் வாய்ப்பு உண்டு.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

புதிய வீரப்பதக்கம் கேட்டு மனுப் போடாதீர்கள். எண்பது ஆண்டுக்கு முந்தைய செயலுக்குப் பிரிட்டன் இப்போது வீரப்பதக்கம் தருவதில்லை. பரம் வீர் சக்ரா போன்ற நம் வீர விருதுகள் 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்தவற்றுக்கே. இரண்டாம் உலகப் போரில் டி.எஃப்.சி. போன்றவற்றை இறந்தவருக்குத் தரும் வழக்கமும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே பரிந்துரை போயிருந்தால்தான் உண்டு. ஆகவே பதக்கம் இல்லை என்பதைக் கொண்டு வீரம் இல்லை என்று கொள்ள முடியாது.

கேட்டுப் பெறக்கூடியது, போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் விடுபட்ட பெயரைச் சேர்ப்பது. 1939 செப்டம்பர் 3-க்கும் 1947 டிசம்பர் 31-க்கும் இடையில் பணியில் இருந்தபோது இறந்தவர் தகுதியுடையவர். குண்டு பட்டுத்தான் இறந்திருக்கவேண்டும் என்றில்லை. மலேரியாவானாலும் லாரி விபத்தானாலும் சரி. விடுவிக்கப்பட்டு ஊர் வந்தபின் இறந்திருந்தால், படைப்பணியால் வந்த நோயே காரணம் என்பதற்குச் சான்று வேண்டும். ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் பலரைச் சமமாக நினைவுகூரவில்லை என்பதை ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டு, விடுபட்டவர்களைத் தேடிவருகிறது. தயங்காமல் எழுதுங்கள்.

உடல் கிடைக்காதவர்களின் பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். ஐரோப்பிய வானில் மறைந்த விமானப்படையினர் 20,000-க்கும் மேற்பட்டோர் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தில் உள்ளனர். பர்மா, மலாயாப் பக்கம் மறைந்தவர்களைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் தேடுங்கள். சிங்கப்பூரில் நம்மூர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பெயரைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

1942-ஐ மறைக்காதீர்கள்

யாராவது கட்டாயம் கேட்பார்கள்: ‘வெள்ளைக்காரனுக்காகப் போனவனுக்கு என்ன மரியாதை?’ கேள்வி நியாயமானது. சென்னிமலையில் பிறந்த குமரன் திருப்பூரில் கொடியைப் பிடித்துக்கொண்டு உயிர்விட்டது 1932-இல். ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது, 1942 ஆகஸ்டில், சூலூர் விமானத் தளத்துக்கே தீ வைத்தார்கள். அதற்காகச் சிறை சென்ற குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அதே ஆண்டுகளில் அதே மாவட்டத்திலிருந்து ஒருவர் சம்பளத்துக்காகவோ, பறக்கும் ஆசையாலோ, ஹிட்லரையும் ஜப்பானையும் எதிர்க்கவேண்டும் என்ற கொள்கையாலோ விமானப்படையில் சேர்ந்திருக்கிறார். காரணம் கடிதத்தில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்களாக ஒன்றை ஏற்றிவிடாதீர்கள். குறிப்பாக, எதிர்ப்பைச் சமாளிக்க அவரைச் சுதந்திரப் போராட்ட வீரர் ஆக்கிவிடாதீர்கள். உண்மையான தியாகிகளின் குடும்பத்துக்கு அது அவமதிப்பு. விழாவுக்கு அந்தக் குடும்பத்தாரையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைப்பது என் யோசனை.

பலகையில் எழுதுவது

செங்கம், தருமபுரி வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களைப் போய்ப் பாருங்கள். மன்னனின் ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்த ஊர் ஆநிரை கவரப்பட்டபோது, இன்னான் பட்டான். அவ்வளவுதான், ‘மாவீரர்’ இல்லை, ‘வானத்துச் சிங்கம்’ இல்லை. அந்தச் சிக்கனத்தைப் பின்பற்றினால் இப்படி அமையும்:

‘இவ்வூர் இன்னார், இன்னார் தம்பதியின் மகன் இன்னார். பிரிட்டிஷ் விமானப்படைத் தன்னார்வ ரிசர்வ், இன்ன எண் ஸ்குவாட்ரன், வயர்லெஸ் ஆபரேட்டர். இன்ன நாளில் இன்ன இடத்தருகே விமானம் வீழ்ந்து இறந்தார். வயது இத்தனை. உடல் கிடைக்கவில்லை. பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் உள்ளது.’

தாயின் பெயரை விடாதீர்கள். சர்வீஸ் நம்பரையும் கீழே சிறிதாகப் பொறியுங்கள். நாளை தேடுபவருக்கு உதவும். திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை தந்தவர் பெயர்கள் இதே பலகையில் வேண்டாம். அவசியமானால் தனிப்பலகை வையுங்கள். இதில் ஊர்ப் பெரியவர்களோடு கொஞ்சம் மனத்தாங்கல் வரும், பரவாயில்லை.

இடமும் விழாவும்

சாலையோரத்தைத் தவிருங்கள். பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை, கட்டுமானம் வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலேயே சொல்லிவிட்டது. அவர் படித்த பள்ளி சிறந்த இடம். தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு வழியே கல்வித்துறையின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். தெருவுக்குப் பெயர் சூட்ட வேண்டுமானால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்து தொடங்குங்கள். சொந்தப் பட்டா நிலமானால் சிக்கல் குறைவு. எங்கே வைத்தாலும் குடும்பத்தின் எல்லாக் கிளையினரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சூலூர் விமானப்படை நிலையத்துக்கு மாதங்களுக்கு முன்பே, ஆவண நகல்களோடு கடிதம் எழுதுங்கள். ஆள் அனுப்புவதும் அனுப்பாததும் அவர்கள் முடிவு. அழைப்பிதழில் முன்கூட்டியே அச்சிடாதீர்கள். தேசியக் கொடியைப் பலகை மேல் போர்த்தித் திறக்கும் வழக்கம் பரவிவருகிறது. நினைவுச் சின்னத்தின் மேல் கொடியைப் போர்த்துவது சட்டப்படி அவமதிப்பு. வெறும் துணி போதும். உரைகளுக்குப் பதிலாக அவருடைய கடிதம் ஒன்றை வீட்டுப் பெண் ஒருவர் வாசிக்கட்டும்.

விழா முடிந்ததும் எல்லாக் காகிதங்களின் ஸ்கேன்களையும் மூன்று இடங்களில் வையுங்கள்: குடும்பத்தில் ஒருவரிடம், பள்ளியில், மாவட்ட மைய நூலகத்தில். ஆணையப் பட்டியலில் வயதோ பெற்றோர் பெயரோ ஊரோ தவறாக இருந்தால் சான்றோடு திருத்தம் கேட்டு எழுதுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். விண்ணப்ப எண்ணைப் பலகைச் செலவு நோட்டிலேயே எழுதிவைத்துவிட்டால் தேட வேண்டியிராது.